காவேரிக் கரையில் ஒரு மாணாக்கர் இல்லம்

ஆனி மாதம் பிறந்ததும் திருச்சிராப்பள்ளியில் வருஷந்தோறும் ஒரு காட்சியைக் காணலாம். புதுக்கோட்டை, அரியலூர், பெரம்பலூர், கரூர் ஜில்லாக்களிலிருந்து தகப்பன்மார்கள் தங்கள் பிள்ளைகளுடன் சத்திரம் பஸ் நிலையத்தில் வந்து இறங்குகிறார்கள். கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. தங்குவதற்கு இடம் கிடைத்தபாடில்லை. தெப்பக்குளத்தைச் சுற்றியும், உறையூர்த் தெருக்களிலும், பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்திலும் வெயிலில் அலைகிறார்கள். சில வாசல்களில் 'சைவ உணவினர்க்கு மட்டும்' என்ற பலகை தொங்குகிறது. பலகை இல்லாத வீடுகளிலோ ஊரைக் கேட்டு, தகப்பனார் பெயரைக் கேட்டு, குலதெய்வத்தையும் கேட்டு, கேட்க விரும்பியதைக் கேளாமலே தெரிந்துகொள்கிறார்கள். கடைசியில் பையன் தன் ஜாதியார் ஒருவரது அறையிலோ, தன் வகுப்பினர்க்கென்று ஏற்பட்ட விடுதியிலோ போய்ச் சேருகிறான். மூன்று வருஷம் கழித்துப் பட்டத்துடன் ஊர் திரும்புகிறான். ஊரில் எவரோடு உட்கார்ந்து உண்டானோ, அவரைப் போன்றவரோடேயே இங்கும் உண்டிருக்கிறான்.

இந்நிலைமைக்குப் பரிகாரமாக நாம் ஒரு யோசனை கூற விரும்புகிறோம். பல ஜாதி, பல மதம், பல கல்லூரிகளைச் சேர்ந்த மாணாக்கர்கள் ஒரே கூரையின் கீழ் வசித்து, ஒரே பொருளைக் குறித்துச் சேர்ந்து ஆராய்ந்து படிக்கும் இல்லம் ஒன்று திருச்சி - ஸ்ரீரங்கத்தில் ஏற்பட வேண்டும். இது விடுதி மட்டுமன்று. விடுதி பையனுக்குப் பாயும் சோறும் கொடுக்கும். நாம் கருதும் இல்லம் அவனுக்குத் தோழர்களையும், அவர்களோடு சேர்ந்து செய்யத்தக்க ஒரு வேலையையும் கொடுக்கும்.

இது புதிய எண்ணமன்று. இவ்வூர் மைந்தர்களே இதைக் கண்டும் செய்தும் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் பெற்ற வெற்றியும் பட்ட துன்பமும் நமக்குப் பாடமாக இருக்கின்றன.

லண்டன் இந்தியா ஹவுஸ்

1905-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி, லண்டன் மாநகரின் ஹைகேட் பகுதியில் சியாம்ஜி கிருஷ்ணவர்மா 'இந்தியா ஹவுஸ்' என்னும் மாணாக்கர் இல்லத்தை ஏற்படுத்தினார். சட்டமும் மருத்துவமும் பொறியியலும் படிக்கப் போன இந்திய இளைஞர்களுக்கு அது தங்குமிடம். ஆனால் அதற்கென்று ஒரு பொருள் இருந்தது: தேச விடுதலை. கிருஷ்ணவர்மா அளித்த உபகாரச் சம்பளத்தைப் பெறுகிறவர், ஆங்கில சர்க்காரின் உத்தியோகத்தை ஏற்பதில்லை என்று உறுதி கூற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் கூடும். சரித்திரமும் அரசியலும் விவாதிக்கப்படும்.

திருச்சியை அடுத்த வரகனேரியில் 1881-இல் பிறந்து, இவ்வூரில் வக்கீல் தொழில் செய்து, ரங்கூன் வழியாக லண்டன் சேர்ந்த வ. வே. ஸு. ஐயர் பாரிஸ்டர் படிப்புக்காகவே சென்றார். இந்தியா ஹவுஸ் அவரை வேறு மனிதராக்கிவிட்டது. ஸ்ரீரங்கத்தவரான டாக்டர் டி. எஸ். எஸ். ராஜனும் மருத்துவம் பயிலச் சென்ற காலத்தில் அந்தக் கூட்டத்தாரோடு பழகினார். காவேரியின் இரு கரைகளிலும் பிறந்த இருவருக்கு, பல மாகாணத்து இளைஞரோடு கலந்து வாழும் பாக்கியம் தேம்ஸ் நதிக்கரையில்தான் கிட்டியது.

ராஜன் பின்னாளில் நினைவுகூர்ந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. 1909 அக்டோபரில் லண்டன் இந்தியர்கள் விஜயதசமி விருந்து நடத்தினார்கள். சமையல் மாணாக்கர்களுடையதே. மெலிந்த மனிதர் ஒருவர் தாமாக வந்து பாத்திரம் கழுவினார், காய்கறி நறுக்கினார். ஐயர் வந்து பார்த்த பிறகுதான், அன்றைய விருந்துக்குத் தலைமை வகிக்க வந்த காந்தி அவரே என்று மற்றவர்கள் அறிந்தார்கள். தலைவரும் தொண்டரும் ஒரே அடுக்களையில் நின்ற அந்த மாலைப்பொழுதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இந்தியா ஹவுஸின் குறையையும் மறைக்கலாகாது. அது வரவர ஒரே கருத்துடையவர்களின் ரகசியக் கூடமாகிவிட்டது. 1909 ஜூலையில் மதன்லால் திங்ரா கர்ஸன் வைலியைச் சுட்டுக் கொன்ற பிறகு அந்த இல்லம் நிலைக்கவில்லை. மாணாக்கர் இல்லத்திற்குப் பொருள் ஒன்று இருக்கலாம். ஆனால் அது அனைவரும் ஆராயும் கேள்வியாக இருக்க வேண்டுமேயன்றி, எவரும் மறுக்கக் கூடாத விடையாக இருத்தலாகாது.

சேரமாதேவி

தாய்நாடு திரும்பிய ஐயர், 1922-இல் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கினார். பின்னர் அது சேரமாதேவிக்கு மாறிற்று. அங்கே படித்தவர்கள் சிறுவர்களே. நாம் கூறும் இல்லமோ கல்லூரி மாணாக்கர்க்கானது. ஆயினும் சேர்ந்து வாழ்தல் என்னும் விஷயத்தில் அதனினும் பெரிய பாடம் தமிழ்நாட்டில் வேறில்லை. தாய்மொழியில் கல்வி, உடற்பயிற்சி, கைத்தொழில், தேசபக்தி - இவையே குருகுலத்தின் நோக்கம். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பதினாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி 5,000 ரூபாய் கொடுத்தது.

அத்தகைய ஸ்தாபனம் எதனால் நிலைகுலைந்தது? பணமின்மையால் அன்று, பாடத்திட்டத்தின் குறையாலும் அன்று. உணவுப் பந்தியால் நிலைகுலைந்தது. பெற்றோர் விரும்பியபடி பிராமணச் சிறுவர் இருவர் தனியே உண்ண அனுமதிக்கப்பட்டனர் என்பது ஐயர் தரப்பாரின் கூற்று. பாகுபாடு அதனினும் விரிந்திருந்தது என்பது எதிர்த் தரப்பாரின் கூற்று. எண்ணிக்கையைப் பற்றி இன்று வழக்காடிப் பயனில்லை. பொதுமக்கள் பணத்தில் நடந்த தேசியப் பள்ளியில், பிறப்பைக் காட்டி ஒரு சிறுவன் இன்னொருவனை விட்டு விலகி உண்டான் என்பது ஒன்றே போதும். டாக்டர் வரதராஜுலு நாயுடுவும், ஈ. வெ. ராமசாமி நாயக்கரும் எழுப்பிய கண்டனம் நியாயமானது என்பதே நமது அபிப்பிராயம். கொடுத்த வாக்கிற்காக இப்போதுள்ள இருவரை விட்டுவிட்டு, இனிமேல் அவ்விதம் எவரையும் சேர்க்கலாகாது என்று காந்தியடிகள் சொன்ன சமரசமும் புயலை அடக்கவில்லை.

1925 ஏப்ரலில் இதே திருச்சிராப்பள்ளியில் காங்கிரஸ் கமிட்டி கூடிற்று. தேசிய இயக்கத்தில் ஈடுபட்ட ஸ்தாபனங்களில் பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்ற எஸ். ராமநாதனின் தீர்மானம் நிறைவேறியது. ராஜாஜியும் நமது டாக்டர் ராஜனும் கமிட்டியினின்று விலகினார்கள். ஐயர் குருகுலப் பொறுப்பை விட்டார். அவ்வருஷம் ஜூன் மாதம், பாபநாசம் அருவியில் விழுந்த தம் மகளைக் காப்பாற்ற முயன்று உயிர் நீத்தார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு ராமசாமி நாயக்கர் காங்கிரஸை விட்டு வெளியேறினார். பந்தியில் விழுந்த பிளவு நாட்டின் அரசியலையே பிளந்தது.

ஐயரைச் சிறுமைப்படுத்த நாம் இதை எழுதவில்லை. அவரது தியாகத்துக்கு முன் நாம் எம்மாத்திரம்? அவர் இரண்டு பெற்றோருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். ஆனால் அது கொடுத்திருக்கத் தகாத வாக்கு. அதைக் காப்பாற்றியதால், நாடு முழுவதற்கும் சொல்லாமற் சொல்லியிருந்த வேறொரு வாக்கு முறிந்தது. வக்கீல் தொழிலில் நாம் கண்டதும் இதுவே: பத்திரத்தில் எழுதாமல் தனியே கொடுத்த வாக்குத்தான் பிற்காலத்தில் வழக்காக வந்து நிற்கிறது.

இன்றைக்கு என்ன அவசியம்?

நூறு வருஷத்திற்கு முந்திய கதை இது என்று சிலர் சொல்லக்கூடும். 2018 டிசம்பரில் சென்னை ஐ. ஐ. டி.யின் உணவுக் கூடம் ஒன்றில், சைவம் உண்போர்க்கும் அசைவம் உண்போர்க்கும் வாயிலும் கை கழுவும் இடமும் வெவ்வேறு என்று அறிவிப்பு ஒட்டினார்கள். கண்டனம் எழுந்த பிறகு எடுத்தார்கள். 2025 ஜூலையில் தமிழக சர்க்கார், ஆதிதிராவிடர், பிற்பட்டோர் முதலியோர்க்கான விடுதிகள் யாவும் 'சமூக நீதி விடுதி' என்றே அழைக்கப்படும் என்று அறிவித்தது. அந்த விடுதிகள் இல்லையேல் லக்ஷக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் கல்லூரி வாசலைக் கண்டிருக்கமாட்டார்கள். பெயர் மாற்றமும் வரவேற்கத்தக்கதே. ஆனால் ஒரே பெயர்ப் பலகையின் கீழ் வெவ்வேறு வகுப்பினர் வெவ்வேறு கட்டடங்களில் உறங்கினால், வேலை பாதிதான் முடிந்தது.

சேர்ந்து வாழ்வது இயலாது என்பாருக்கும் இந்த ஜில்லாவிலேயே விடை இருக்கிறது. துவாக்குடியை அடுத்து 1964-இல் ஏற்பட்ட வட்டாரப் பொறியியல் கல்லூரி, இன்று என். ஐ. டி. எனப்படுவது, பாதிப் பேரை நமது ராஜ்யத்திலிருந்தும் பாதிப் பேரைப் பிற ராஜ்யங்களிலிருந்தும் சேர்த்துக்கொண்டு விடுதி வாழ்க்கையோடேயே வளர்ந்தது. இல்லங்கள் நிறுவியவரோடு அழிந்துபோம் என்பார், திருப்பராய்த்துறையைப் பார்க்கட்டும். சுவாமி சித்பவானந்தர் 1942-இல் அங்கே காவேரிக் கரையில் தபோவனத்தை அமைத்தார். 1971-இல் மதுரையை அடுத்த திருவேடகத்தில் குருகுல முறையில் கல்லூரி ஒன்றையும் ஏற்படுத்தினார். அவர் மறைந்த பின்னும் அவை நடந்து வருகின்றன.

எந்தப் பொருள்?

இல்லத்தின் பொருள் எதுவாயிருக்கலாம்? திருச்சியில் இதற்கு நெடுநேரம் யோசிக்க வேண்டுவதில்லை. காவேரியே அந்தப் பொருள். மேற்கே முக்கொம்பில் நதி இரண்டாகப் பிரிகிறது, நடுவே ஸ்ரீரங்கம், கிழக்கே கல்லணை. இப்படிப்பட்ட பாடசாலை வேறெந்த நகரத்துக்கு வாய்த்திருக்கிறது? முக்கொம்பில் 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஏன் என்று பொறியியல் மாணாக்கன் ஆராயட்டும். சென்னை - மைசூர் சர்க்கார்களின் 1892, 1924-ஆம் ஆண்டு ஒப்பந்தங்களையும், 2007-ஆம் ஆண்டு நடுவர் மன்றத் தீர்ப்பையும், கர்நாடகம் விடவேண்டிய நீரை 177.25 டி. எம். சி. என்று குறைத்த 2018-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பையும் சட்ட மாணாக்கன் எடுத்து விளக்கட்டும். ஸ்ரீரங்கம் கோயிலின் அறுநூறுக்கு மேற்பட்ட கல்வெட்டுக்களில் நிலமும் நீரும் எவ்வாறு பேசப்படுகின்றன என்று சரித்திர மாணாக்கன் படித்துக் காட்டட்டும். மணல் அள்ளுவதால் கிணற்று நீர் எவ்வளவு இறங்கியது என்பதைக் குடியானவர் வீட்டுப் பிள்ளை சொல்லட்டும். அவனிடம் மற்ற மூவரும் கேட்டுக்கொள்ளட்டும்.

இன்னும் ஒன்று. அந்த இல்லத்தில் குடகிலிருந்தும் மாண்டியாவிலிருந்தும் சில மாணாக்கர்கள் இருந்தே தீர வேண்டும். எதிர்த் தரப்பின் நியாயத்தை எதிர்த் தரப்பார் வாயிலாகவே கேட்டுப் பழகாதவன் தன் தரப்பின் நியாயத்தையும் சரிவர அறியமாட்டான்.

எழுதிவைக்க வேண்டிய விதிகள்

முதல் மாணாக்கனைச் சேர்ப்பதற்கு முன்பே சில விதிகளை அறக்கட்டளைப் பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்துவிட வேண்டும். பின்னால் வரும் காரியதரிசி எவரும், எந்தத் தகப்பனாருக்கும், எந்த நன்கொடையாளருக்கும், தனிக் கடிதத்தினால் அவற்றைத் தளர்த்த அதிகாரம் இருத்தலாகாது.

பந்தி ஒன்றே. இலையில் எதை இட்டுக்கொள்வது என்பது அவரவர் உரிமை. அடுத்த இலையில் உட்காருகிறவரைத் தேர்ந்துகொள்ள எவருக்கும் உரிமையில்லை. சமையலுக்கும் பாத்திரம் கழுவுவதற்கும் முறை வைத்து எல்லோரும் வர வேண்டும். அறைகளில் யாருடன் யார் என்பதைச் சீட்டுப் போட்டு நிர்ணயிக்க வேண்டும். பெண்மக்களுக்குச் சரிபாதி இடம் வேண்டும். உறங்குமிடம் தனியாகவும், நூலகமும் பந்தியும் விவாத மண்டபமும் பொதுவாகவும் இருக்கட்டும். வாசற்கதவு மூடும் வேளை இருபாலார்க்கும் ஒன்றாகவே இருக்கட்டும். வரவு செலவுக் கணக்கை மாதந்தோறும் மாணாக்கரே எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். எந்தக் கட்சியின் கொடியும் அங்கே ஏறலாகாது. ஊர்வலத்துக்கு ஆள் வேண்டுமென்று அவ்வாசலில் போய் நிற்கும் வழக்கம் நமது நண்பர்களுக்கு இருக்கிறது. ஆகையால் தேசிய இயக்கத்தில் பற்றுள்ள நாமே இதை வற்புறுத்துகிறோம்.

ஆரம்பத்தில் கட்டடம் கட்டப் புறப்படலாகாது. கட்டட நிதி திரட்டி, அஸ்திவாரக் கல்லோடு நின்றுபோன ஸ்தாபனங்கள் நாட்டில் அநேகம். முப்பது மாணாக்கர்களுடன், வாடகை வீட்டில் தொடங்குவதே புத்தி. பணத்தைப் பற்றிய கவலை நமக்கு அதிகமில்லை. கலியாண விருந்துகளில் ஒருநாள் இலையில் வீணாகும் பண்டத்தின் விலையே முப்பது பேருக்குப் பல நாள் சாப்பாட்டுக்குப் போதும்.

நமது கவலை வேறு. ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவலிலும் முற்றமும் கிணறும் பல அறைகளுமுள்ள பழைய வீடுகள் பல, பிள்ளைகள் வெளிதேசம் போய்விட்டபடியால் பூட்டிக் கிடக்கின்றன. இந்த முப்பது பேரின் ஊரையும் குலத்தையும் கேளாமல், பந்தி ஒன்றே என்ற நிபந்தனையையும் ஒப்புக்கொண்டு, அவற்றுள் ஒன்றன் சாவியைக் கொடுப்பார் உண்டா? உண்டெனில் மற்றவை தாமே வந்து சேரும். வீட்டுக்காரர்கள் நமது காரியாலயத்துக்கு எழுதலாம். இல்லையென்றால், 1925-ஆம் வருஷத்துத் தீர்மானத்தை நம் ஊர் நிறைவேற்றியதே தவிர, இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை என்றே நாம் கொள்ள வேண்டியிருக்கும்.