கணிப்பொறியின் துபாசிகள்

டூப்ளே 1742 முதல் 1754 வரை புதுச்சேரியில் கவர்னராக இருந்தார். அவர் பேசியது பிரெஞ்சு. ஊர் மக்கள் பேசியது தமிழ். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றவர் துபாசி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரையிலான அவருடைய நாட்குறிப்பை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். துபாசி என்றால் இரு மொழி அறிந்தவர் என்று பொருள்.

துபாசி இரண்டு விதமாக வேலை செய்யலாம். வந்தவர் ஒரு வாக்கியம் சொன்னதும் அதை உடனே மொழிபெயர்த்துச் சொல்லலாம். பிறகு அடுத்த வாக்கியம். அல்லது ஒரு பத்திரம் முழுவதையும் வாங்கி, மறுமொழியில் எழுதிக் கையில் கொடுத்துவிடலாம். முதல் முறையில் பேச்சு முடியும் வரை துபாசி அருகிலேயே நிற்க வேண்டும். இரண்டாவதில் பத்திரம் தயாரானதும் அவர் வீட்டுக்குப் போகலாம்.

கணிப்பொறிக்கும் இப்படி இரண்டு துபாசிகள் உண்டு. அதன் மையச் செயலகத்துக்குப் புரிவது 0, 1 என்ற குறிகளால் ஆன கட்டளைகள் மட்டுமே. நாம் எழுதும் நிரலை அவ்வப்போது மாற்றிச் சொல்லி நடத்துவது இன்டர்பிரிட்டர். முழுவதையும் முன்கூட்டியே மாற்றி எழுதித் தருவது கம்பைலர். ஜான் பேக்கஸ் தலைமையில் ஐ.பி.எம். நிறுவனத்தார் 1957இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் கம்பைலர், இந்த வகையில் பெரும் புகழ் பெற்ற முன்னோடி.

இவை வேலை செய்வதை நேரில் பார்க்க வேண்டுமா? படங்களும் பொத்தான்களும் நிறைந்த மென்பொருள் வேண்டாம். பொத்தானை அழுத்தினால் நடுவில் நடப்பது மறைந்துவிடும். லினக்ஸ் உள்ள பழைய கணிப்பொறி ஒன்று போதும். அதில் டெர்மினல் என்னும் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'பைத்தான்3' என்று ஆங்கில எழுத்தில் தட்டி என்டர் கொடுங்கள். >>> என்ற குறி தோன்றும். துபாசி காத்திருக்கிறார் என்று அர்த்தம்! 12 * 7 என்று தட்டினால் அடுத்த வரியிலேயே 84 வரும். வெளியேற 'எக்சிட்()' என்று தட்டுங்கள்.

இப்போது ஒரு சோதனை. காட்டேரிக்குப்பத்தில் ஒருவர் 12 மூட்டை மணிலா விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழ்க்கண்ட மூன்று வரிகளை ஒரு கோப்பில் எழுதுங்கள். 'பிரிண்ட்' என்பது மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். மற்ற பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

பிரிண்ட்("வணக்கம்")
மூட்டை = 12
பிரிண்ட்(மூட்டை * விலை)

விலை என்ன என்று நாம் சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? கோப்புக்கு 'கணக்கு.பிஒய்' என்று பெயரிட்டு, 'பைத்தான்3 கணக்கு.பிஒய்' என்று கட்டளையிடுங்கள். முதலில் வணக்கம் வரும். மூன்றாம் வரிக்கு வந்த பிறகுதான், விலை என்ற பெயர் தெரியாது என்று நின்றுவிடும். அதுவரை சொன்ன வேலை நடந்து முடிந்துவிட்டது.

இதையே சி மொழியில் எழுதி, 'ஜிசிசி கணக்கு.சி -ஓ கணக்கு' என்று கட்டளையிடுங்கள். ஜிசிசி என்பது ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் முதன்முதலாக வெளியிட்ட இலவசக் கம்பைலர். '-ஓ' என்பதற்குப் பின் வருவது, உருவாகும் கோப்பின் பெயர். (பெயர் தராவிட்டால் 'ஏ.அவுட்' என்று தானே வைத்துக்கொள்ளும்.) இங்கே வணக்கம்கூட வராது. விலை அறிவிக்கப்படவில்லை என்று வரி எண்ணோடு சொல்லி, பத்திரத்தையே எழுத மறுத்துவிடும். விலையைச் சேர்த்து மறுபடி கட்டளையிட்டால் ஒன்றுமே பேசாது. பிழை இல்லாவிட்டால் மௌனம்தான்! பிறகு புள்ளி, சாய்கோடு, 'கணக்கு' என்று சேர்த்துத் தட்டினால் நிரல் ஓடும்.

இதில் ஒரு பொறி உண்டு. சி நிரலில் விலையை மாற்றிவிட்டு, மறுபடி கம்பைல் செய்யாமல் ஓட்டினால் பழைய விலைக்கான விடையே வரும். ஓடுவது நீங்கள் திருத்திய நிரல் அன்று, முன்பு எழுதித் தந்த பத்திரம். தேர்வில் இது பலரைத் திகைக்க வைக்கும்.

துபாசி உவமையை அளவுக்கு மீறி நீட்டக் கூடாது. பைத்தான் உண்மையில் கோப்பு முழுவதையும் ஒருமுறை படித்து ஓர் இடைநிலைக் குறியீடாக மாற்றிக்கொண்டுதான் நடத்துகிறது. ஆகவே கடைசி வரியில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலும் முதல் வரி ஓடாது. செய்து பாருங்கள்.

வேகத்தை நீங்களே அளக்கலாம். கட்டளைக்கு முன் 'டைம்' என்று சேர்த்தால் பிடித்த நேரம் தெரியும். ஒரு கோடி முறை கூட்டச் சொன்னால் சி வெகுதூரம் முந்திவிடும். ஆனால் லினக்ஸில் உருவான அதன் கோப்பு விண்டோசில் அப்படியே ஓடாது. பைத்தான் நிரலோ, துபாசி இருக்கும் இடமெல்லாம் ஓடும்.

கட்டளைச் சொற்களும் தமிழில் வேண்டும் என்பவர்களுக்கு 'எழில்' இருக்கிறது. இந்த மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை, 2009இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதை விவரித்தார். இதில் அச்சிடுவதற்குச் சொல் 'பதிப்பி'. நிபந்தனையை எழுதும் விதம் இன்னும் அழகு:

@( மூட்டை > 10 ) ஆனால்
பதிப்பி "வண்டி வேண்டும்"
முடி

ஆங்கிலத்தில் 'இஃப்' முன்னே வரும். எழிலில் நிபந்தனை முன்னே, 'ஆனால்' பின்னே. நாம் பேசும் வரிசை இதுதானே! எழிலும் இன்டர்பிரிட்டர் வகைதான். அதை எழுதியிருப்பது பைத்தானில். ஆகவே எழில் சொல்வதைப் பைத்தான் கேட்டுச் செயலகத்துக்குச் சொல்கிறது. இரண்டு துபாசிகள் வரிசையில் நின்றால் நேரம் எவ்வளவு கூடும்? ஒரே கூட்டல் கணக்கை இரண்டிலும் எழுதி, 'டைம்' போட்டு அளந்து பாருங்கள்.