உழைப்பிற்கேற்ற உணவு

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்தை அடுத்துள்ள வடக்குப்பட்டு, பார்வைக்குச் சிற்றூர், பழமையிலோ பேரூர். 2022-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்து பார்த்தபோது, பண்டை மக்கள் செதுக்கிய கற்கருவிகளும், ரோமானிய நாட்டுச் சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. கல்லைக் கூராக்கி வாழ்ந்த மாந்தர் முதல், ஏரிப் பாய்ச்சலில் நெல் விளைவித்த உழவர் வரை, அந்த மண்ணில் வாழ்ந்த ஒவ்வொரு தலைமுறையும் உடலை வருத்தியே உணவு தேடிற்று. உண்ட உணவு உழைப்பில் செலவாயிற்று.

இன்று அந்த வட்டாரத்தின் தோற்றமே வேறு. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் மற்றொரு பெரிய கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அவற்றைச் சுற்றி உதிரிபாக ஆலைகள் பல எழுந்தன. ஏர் பிடித்தவரின் மகன் இன்று ஆலைப் பேருந்தில் ஏறி 'ஷிப்டு' வேலைக்குச் செல்கிறான். ஊதியம் வந்தது, வசதி வந்தது. இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆயினும், வேலை மாறிய வேகத்தில் சோற்றுத் தட்டு மாறவில்லை. தந்தைக்குப் பொருந்திய தட்டு, மகனுக்கும் பொருந்துமா என்று நாம் கேட்டுப் பார்க்கவில்லை.

கேளாமையின் விளைவைக் கணக்குகள் காட்டுகின்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40.4 பேரும், ஆண்களில் நூற்றுக்கு 37 பேரும் அளவுக்கு மீறிய எடை உடையவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இவ்வெண்கள் முறையே 30.9, 28.2 ஆக இருந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14.4 பேருக்கு நீரிழிவு உண்டு எனத் தெரிவிக்கிறது. இது நகரத்து நோய் என்று கிராமத்தார் வாளாவிருக்கும் காலம் போயிற்று.

மாவுச்சத்து பகையா?

அரிசி, கோதுமை, கேழ்வரகு, கம்பு, கிழங்கு, சர்க்கரை, பழம் ஆகிய யாவற்றிலும் உள்ளது மாவுச்சத்து. ஒரு கிராம் மாவுச்சத்து உடலுக்கு 4 கலோரி வெப்பசக்தி தருகிறது. உண்டபின் அது குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. கணையத்தில் சுரக்கும் இன்சுலின் அதனைத் தசைகளுக்குள் செலுத்துகிறது. உடனே தேவைப்படாத பகுதி, கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கப்படுகிறது. இக்களஞ்சியம் சிறியது, சில நூறு கிராம்களுக்கு மேல் கொள்ளாது. நெற்குதிர் நிறைந்தபின் மிஞ்சிய நெல்லைத் திண்ணையில் குவிப்பதுபோல, உடலும் மிஞ்சியதைக் கொழுப்பாக மாற்றி வயிற்றிலும் இடுப்பிலும் குவிக்கிறது.

ஆகவே, குற்றம் மாவுச்சத்தினுடையது அன்று, அளவினுடையது, தேர்வினுடையது. மூளையின் முதன்மையான எரிபொருள் குளுக்கோஸே. வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 130 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்பது 2020-இல் வெளியான நம் நாட்டுப் பரிந்துரை. அரிசியாகக் கணக்கிட்டால் இது ஏறக்குறைய 165 கிராம். சோற்றை அறவே விட்டால்தான் உடல் இளைக்கும் என்று சிலர் கூறுவது தேவையற்ற அச்சமேயாகும்.

உழைப்பின் அளவே உணவின் அளவு

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு வேண்டிய வெப்பசக்தியைப் பின்வருமாறு வகுத்துள்ளது: உட்கார்ந்து வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு 2,110 கலோரி, நடுத்தர உழைப்பாளிக்கு 2,710, கடும் உழைப்பாளிக்கு 3,470. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இவை முறையே 1,660, 2,130, 2,720 ஆகும்.

இவ்வெண்களைச் சற்றே உற்று நோக்குவோம். மண்வெட்டி பிடித்து நாள் முழுதும் உழைப்பவருக்கும், காவற்கூடத்தில் அமர்ந்திருப்பவருக்கும் இடையே உள்ள வேறுபாடு 1,360 கலோரி. இதனை அரிசியாக மாற்றினால் ஏறக்குறைய 380 கிராம். அஃதாவது, கடும் உழைப்பாளியின் தட்டையே உட்கார்ந்திருப்பவரும் உண்பாராயின், அவர் அன்றாடம் அவ்வளவு அரிசியைத் தேவையின்றி வயிற்றிலிடுகிறார் என்பது பொருள். எடை எங்கிருந்து வருகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

எந்தத் தானியம் நன்று?

நம் நாட்டு உணவு ஆராய்ச்சியே அரிசியைப் பற்றிய ஒரு வினாவில்தான் தொடங்கியது. 1918-ஆம் ஆண்டில் குன்னூரில், ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் 'பெரிபெரி' என்னும் நோயை ஆராயத் தொடங்கினார். தீட்டிய அரிசியையே நம்பி வாழ்வோரைப் பற்றும் நோய் அது. நெல்லின் தவிட்டோடு 'பி' உயிர்ச்சத்தும் போய்விடுவதே அதன் காரணம். குன்னூரில் தொடங்கிய அச்சிறு ஆராய்ச்சிக் கூடமே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்திற்கு மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. நெல்லை அவித்துக் குத்தும் நம் முன்னோர் வழக்கம், அவ்வுயிர்ச்சத்தில் ஒரு பகுதியை அரிசிக்குள் செலுத்திக் காக்கிறது. ஆதலின், பளபளக்கும் பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி மேலானது. அதிகம் தீட்டாத அரிசி அதனினும் மேலானது.

அடுத்து நார்ச்சத்து. 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் ஏறக்குறைய 3 கிராம் நார்ச்சத்தே உண்டு. அதே அளவு கேழ்வரகிலும் கம்பிலும் 11 கிராம் உண்டு. சோளத்தில் 10 கிராமும், சாமையில் 7 கிராமுக்கு மேலும் இருக்கின்றன. நார்ச்சத்து மிக்க உணவு மெல்லச் செரிக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை விரைந்து ஏறாது. பசியும் விரைவில் தோன்றாது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 364 மில்லி கிராம் சுண்ணாம்புச்சத்து இருப்பது தனிச்சிறப்பு.

எனினும், இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, வெப்பசக்தியில் சிறுதானியம் அரிசிக்குப் பெரிதும் குறைந்ததன்று. 100 கிராம் அரிசி 356 கலோரி தருமாயின், கேழ்வரகு 321 கலோரி தருகிறது. 'கேழ்வரகுதானே' என்று அளவின்றி உண்டால் எடை குறையாது. இரண்டாவது, மென்மையாய் அரைத்துக் கூழாகக் காய்ச்சிய மாவு, முழுத் தானியத்தைவிட விரைவாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றும். நீரிழிவு உடையவர் கஞ்சியாகக் குடிப்பதைவிட, களியாகவோ அடையாகவோ, கீரையும் பருப்பும் சேர்த்து உண்பது நலம்.

பழைய சோற்றைப் பற்றியும் பலர் வினவுகின்றனர். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் சிறு பகுதி எளிதில் செரிக்காத தன்மையைப் பெறுகிறது. குடலுக்கு அது நன்மை. இரவு முழுதும் நீரில் புளிப்பதனால் எளிய, குளிர்ச்சியான உணவாகவும் அமைகிறது. ஆயினும் சோறு சோறே. அதன் அளவையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். ஊறுகாயையும் உப்பையும் குறைத்து, மோரும் சிறு வெங்காயமும் சேர்த்துக் கொள்வது நன்று.

ஓர் இல்லம், மூன்று தட்டுகள்

எடுத்துக்காட்டாக, ஓர் இல்லத்தை எண்ணிப் பார்ப்போம். தந்தை இன்றும் வயலில் இறங்கி உழைக்கிறார். மூத்த மகன் ஆலையில் பணிபுரிகிறான். இளைய மகன் காவலர் தேர்விற்காக ஓடிப் பழகுகிறான். உலை ஒன்றுதான், ஆனால் மூவரின் தேவையும் வேறு.

நடவு, அறுவடை நாட்களில் தந்தைக்கு வயிறாரச் சோறு வேண்டும். அதனைக் குறைப்பது பிழை. ஆனால் உழைப்பற்ற கோடை நாட்களில் அவரும் அளவைக் குறைத்தல் வேண்டும். மாட்டிற்குக்கூட உழவு நாளில் ஒரு தீனியும், ஓய்வு நாளில் ஒரு தீனியும் வைப்பவர் அன்றோ நம் உழவர்!

மூத்த மகன் எடையைக் குறைக்க விரும்புகிறான். அவனுக்கு 2024-இல் வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு நெறி வழி காட்டுகிறது. 2,000 கலோரி உணவிற்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், கீரையும் காய்கறியும் 400 கிராம், பழம் 100 கிராம் என்று அது வகுக்கிறது. தட்டின் பாதி காய்கறியாகவும், கால் பகுதி சோறாகவும், எஞ்சியது பருப்பு, முட்டை, மீன் முதலியனவாகவும் இருப்பது நினைவில் கொள்ள எளிய முறை. சோற்றைக் கரண்டியால் அள்ளாமல், ஒரு கிண்ணத்தால் அளந்து இடுவது நல்ல பழக்கம்.

அவன் கண்ணுக்குத் தெரியாமல் உண்பதும் ஒன்று உண்டு. இரவு வேலையில் தூக்கத்தை விரட்ட ஐந்து முறை தேநீர் அருந்துகிறான் என்று கொள்வோம். ஒவ்வொன்றிலும் 10 கிராம் சர்க்கரை எனில், மொத்தம் 50 கிராம், 200 கலோரி. சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பதே சாலச் சிறந்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. தேநீரில் சர்க்கரையைப் பாதியாக்கி, பிஸ்கட்டும் பஜ்ஜியும் நீக்கி, ஒரு கைப்பிடிச் சுண்டலோ வேர்க்கடலையோ கொண்டு சென்றால், பணமும் மிஞ்சும், உடலும் தேறும். வாரத்திற்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். பட்டினி கிடந்து விரைந்து குறைத்த எடை, விரைந்தே திரும்பிவிடும்.

இளைய மகனின் நிலை வேறு. காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடங்களில் ஓடிக் கடக்க வேண்டும். தசைகளில் உள்ள மாவுச்சத்துச் சேமிப்பே அவ்வோட்டத்திற்கு முதல் எரிபொருள். அண்ணனைப் பார்த்துத் தம்பியும் சோற்றைக் குறைப்பானாயின், பாதி வழியில் கால் தளரும். பயிற்சிக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பாக இட்லியோ சோறோ உண்ணலாம். விடியற்காலை ஓட்டமாயின், முன்பே ஒரு வாழைப்பழம் போதும். ஓடி முடித்தபின் சோறு, பருப்பு, முட்டை அல்லது பால் உண்டால் சேமிப்பு மீண்டும் நிறையும். மெலிந்த உடலினனாயின் வேர்க்கடலையும் எள்ளும் ஒரு வேளை கூடுதலாகச் சேர்க்கலாம். விலை மிகுந்த சத்து மாவுப் பொட்டலங்களை நாடிச் செல்ல வேண்டுவதில்லை.

இவ்வில்லத்துத் தாயை நாம் மறந்துவிடலாகாது. யாவருக்கும் பரிமாறியபின், காயும் பருப்பும் தீர்ந்து, மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் மட்டுமே உண்பவர் அவரே. பெண்களிடையே எடையும் இரத்தசோகையும் ஒருங்கே காணப்படுவதற்கு இவ்வழக்கமும் ஒரு காரணம். அவருடைய பங்குக் காயையும் பருப்பையும் முதலிலேயே எடுத்து வைப்பது குடும்பத்தாரின் கடமை.

நீரிழிவிற்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர், மருத்துவரைக் கேளாமல் சோற்றைத் திடீரெனக் குறைக்கலாகாது. இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் நேரக்கூடும். கருவுற்றவரும் பாலூட்டும் தாய்மாரும் எடை குறைக்கும் முயற்சியில் இறங்குதல் கூடாது.

ஊராட்சி செய்யத்தக்கன

உணவு அவரவர் வீட்டுக் காரியம் எனினும், ஊராட்சி மன்றம் செய்யக்கூடியவை பல உண்டு.

முதலாவது, அளந்தறிதல். ஒரு தையற்காரரின் அளவு நாடா போதும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால், அஃது எச்சரிக்கை. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்களைக் கொண்டு, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் செய்யலாம். ஆலைக்குச் செல்வோர் பகலில் வீட்டில் இரார். ஆதலின், அவர்களுக்கு வார விடுமுறை நாளில் ஏற்பாடு செய்தல் வேண்டும்.

இரண்டாவது, விளைவித்தல். நெல்லுக்கு வேண்டிய நீர் இல்லாத மேட்டு நிலங்களில், ஏறக்குறைய மூன்றரை மாதங்களில் விளையும் கேழ்வரகைப் பயிரிடலாம். 2023-இல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் நியாயவிலைக் கடை வழியே அரிசிக்கு ஈடாக அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு வழங்கும் முறை தொடங்கப்பட்டது. நம் ஊர் உழவர் விளைவித்தால், நம் ஊரிலேயே வாங்குவோர் உண்டு.

மூன்றாவது, இடம் ஒதுக்குதல். நிலத்தின் விலை ஏறிய இவ்வட்டாரத்தில் விளையாட்டுத் திடலைக் காப்பதே பெரும் தொண்டு. பள்ளி வளாகத்தில் ஒரு கீரைப் பாத்தியும், முருங்கை மரமும் இருந்தால், குழந்தைகள் காயின் அருமையை உணர்வர்.

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் சபைகளில், சாலை, குடிநீர், விளக்கு ஆகியவற்றோடு உணவையும் ஒரு பொருளாக எடுத்துப் பேசலாம். கூட்டத்திற்கு வருவோர்க்கு இனிப்புத் தேநீரும் பிஸ்கட்டும் வழங்குவதற்கு மாறாகச் சுண்டலும் மோரும் வழங்கினால், அதுவே முதற்பாடமாக அமையும்.

ஆலைகள் நமக்கு ஊதியம் தந்தன. அவ்வூதியம் மருந்துக் கடைக்குச் செல்வதும், மக்கள் கல்விக்குச் செல்வதும் பெரும்பாலும் நம் தட்டைப் பொறுத்தது. இன்றிரவு சோறிடும்போதே, இன்று நாம் எவ்வளவு உழைத்தோம் என்று ஒரு முறை எண்ணிப் பார்ப்போமாக.