அளுவிகாரையிலிருந்து ஒரு 'சைக்கோ'

மிஷ்கினின் 'சைக்கோ' படம் 2020 ஜனவரியில் வந்தது. மாத்தளைக்காரர் எங்களுக்கு அதில் ஒரு சொந்தம் இருக்கிறது. பெண்களைக் கடத்தித் தலையை வெட்டும் கொலைகாரனின் பெயர் அங்குலிமாலன். அவனைத் தேடும் பார்வையற்ற இளைஞன் கௌதம். விரல்களை மாலையாகப் போட்டுத் திரிந்த அங்குலிமாலன் என்ற கொள்ளையனைப் புத்தர் மாற்றிய கதை, திரிபிடகத்தின் மஜ்ஜிம நிகாயத்தில் வருகிறது. அந்தத் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், முதன்முதலாக ஏட்டில் ஏறியது எங்கள் அளுவிகாரையில் என்பார்கள். மாத்தளை டவுனிலிருந்து ஏ9 வீதியில் கொஞ்சத் தூரம்தான்.

தன்வீர் மிரின் கமராவுக்கு இருட்டு நன்றாகவே வசப்படுகிறது. இளையராஜா வேறு. கழுத்துக்குக் கீழே அசையமுடியாத முன்னாள் பொலிஸ் அதிகாரியாக வரும் நித்யா மேனன் வழி சொல்லச் சொல்ல, கண் தெரியாத கௌதமாக வரும் உதயநிதி காரை ஓட்டுகிறார். நம்பவே முடியாது, ஆனால் கண்ணை எடுக்கவும் முடியாது.

கதைதான் இழுபடுகிறது. "இத்தனை கொலைக்கும் ஒரு சீசீடிவி இல்லையா?" என்று மச்சாள் கேட்டாள். நியாயமான கேள்வி.

எனக்கு இடித்தது வேறு. கொலைகாரன்மேல் இரங்கப் படம் மிகவும் அவசரப்படுகிறது. மஜ்ஜிம நிகாயத்துக் கதையிலோ, பிக்குவான பிறகும் அங்குலிமாலன் பிச்சைக்குப் போன இடத்தில் கல்லடி வாங்கி, மண்டை உடைந்து, பாத்திரமும் நொறுங்கித் திரும்புகிறான். பொறுத்துக்கொள் என்கிறார் புத்தர்.