பவல் தெருவின் விழா

கனடாவின் மேற்குக் கரையில் வான்கூவர் நகரத்திலே, ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், பவல் தெருவை ஒட்டிய ஓப்பன்ஹைமர் பூங்காவில் ஜப்பானிய வம்சாவளியினர் நடத்தும் கலைவிழாவைக் காண்பவர், தைக்கோ முரசுகளின் முழக்கத்திலும், மிகோஷி என்னும் சிறு சன்னிதியைத் தோளேற்றிச் செல்வோரின் ஆரவாரத்திலும், குழித்தட்டில் வேகும் தகோயாக்கி என்னும் பண்டத்தின் மணத்திலும் மனம் பறிகொடுத்து, தாய்நாட்டை மறவாத ஜனங்கள் அயல்மண்ணில் எடுக்கும் விழா இது என்று எண்ணக்கூடும். அது பாதி உண்மைதான். இவ்விழாவின் உயிர் ஜப்பானைக் காட்டிலும் அந்தத் தெருவோடுதான் அதிகம் பிணைந்திருக்கிறது.

கனடாவில் குடியேறிய முதல் ஜப்பானியராகக் கருதப்படும் மன்ஸோ நாகானோ அங்கு வந்தது 1877-ஆம் ஆண்டு. அவருக்குப் பின் வந்தவர்கள் மீன்பிடித் தொழிலிலும் மரம் அறுக்கும் ஆலைகளிலும் உழைத்துப் பிழைத்து, பவல் தெருவைக் கடைகளும் விடுதிகளும் நிறைந்த பேட்டையாக்கி, 1906-ல் தங்கள் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமும் கண்டார்கள். மறு ஆண்டே ஆசியர் மீது துவேஷம் கொண்ட ஒரு கும்பல் சீனர் பேட்டையைச் சூறையாடிவிட்டு இங்கும் பாய்ந்தது; தெருவாசிகள் திரண்டு நின்று அதை எதிர்த்து விரட்டினார்கள். இன்று விழா நடக்கும் அதே மைதானத்தில்தான் 1914-ல் தோன்றிய அசாஹி பேஸ்பால் குழு ஆடியது. தம்மினும் உடல் வலிமை மிக்க வெள்ளையர் குழுக்களை, பந்தை மெல்லத் தட்டிவிட்டு விரைந்தோடும் உபாயத்தால் வென்ற அந்த இளைஞர்கள் அத்தெருவுக்கே கண்மணிகளாயிருந்தார்கள்.

1941 டிசம்பரில் ஜப்பான் பெர்ல் துறைமுகத்தைத் தாக்கியதும், கனடா அரசாங்கம் தன் சொந்தப் பிரஜைகளையே பகைவராகக் கருதத் தலைப்பட்டது. மீனவர்களின் படகுகள் ஆயிரத்துக்கு மேல் பறிபோயின. கரையோரத்தில் நூறு மைல் எல்லைக்குள் வாழ்ந்த ஏறத்தாழ 22,000 பேர், அவர்களில் பெரும்பாலோர் கனடாவிலேயே பிறந்தவர்களாயிருந்தும், 1942-ல் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பல்லாயிரவர் வான்கூவரின் ஹேஸ்டிங்ஸ் பூங்காவின் கால்நடைக் கொட்டில்களில் அடைபட்டிருந்து, பின்னர் மலைப்பிரதேச முகாம்களுக்கும் ஆல்பர்ட்டா, மனிடோபா மாகாணங்களின் பண்ணைகளுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுடைய வீடு, கடை, நிலம் அனைத்தையும் பாதுகாப்பதாகச் சொல்லிப் பொறுப்பேற்ற அதிகாரிகளே, உரியவர் சம்மதமின்றி அவற்றை விற்றுத் தீர்த்தார்கள். ஒரு குடும்பத்தை ஊரைவிட்டு அகற்றுவதைக் காட்டிலும், அது திரும்பிவர ஓரிடமும் இல்லாமற் செய்வது கொடியது என்பேன். யுத்தம் ஓய்ந்து ஏறத்தாழ நான்காண்டுகள் சென்றபின், 1949 ஏப்ரலில் கரைக்குத் திரும்ப அனுமதி கிடைத்தபோது, பழைய பவல் தெரு மீண்டும் எழவில்லை.

முகாம் வாழ்வைப் பற்றிப் பிள்ளைகளிடம் வாய்திறவாத பெற்றோர் அநேகர். அந்த மௌனத்தில் வளர்ந்த மூன்றாம் தலைமுறையினரும், யுத்தத்திற்குப் பின் ஜப்பானிலிருந்து புதிதாக வந்தவர்களும் கைகோத்து, நாகானோ வருகையின் நூற்றாண்டான 1977-ல் இந்த விழாவைத் தொடங்கினார்கள். முதல் தலைமுறை முதியவர்கள் அவ்வாண்டு பூங்காவில் சாகுரா என்னும் செர்ரி மரங்களை நட்டார்கள். இரண்டாண்டுக்குப் பின் கலிபோர்னியாவின் சான் ஹோசேயிலிருந்து வந்த தைக்கோ குழுவின் முழக்கம் உள்ளூர் இளைஞர்களை ஆட்கொள்ள, கனடாவின் முதல் தைக்கோ குழுவான கத்தாரி தைக்கோ பிறந்தது. இப்படிக் கலை ஜப்பானிலிருந்து நேரே வராமல், அமெரிக்காவில் வாழும் தம்மவர் வழியாக உருமாறி வந்து சேர்வதுதான் புலம்பெயர்ந்தோர் கலையின் இயல்பு. அதில் குறையேதும் இருப்பதாக நான் கருதவில்லை.

யுத்தகால அநீதிக்காக 1988 செப்டம்பரில் அன்றைய கனடியப் பிரதமர் பிரையன் மல்ரோனி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டதும், பாதிக்கப்பட்டோரில் உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 21,000 டாலர் அளிக்கப்பட்டதும் ஊரறிந்த செய்திகள். ஆனால் இவ்விழாவின் தர்மத்தை எனக்கு உணர்த்துவது 2014-ல் நடந்தது. வீடற்ற ஏழைகள் அந்தப் பூங்காவில் கூடாரமடித்துக் குடியிருந்த அக்கோடையில், விழாவுக்கு உரிய இடம் அதுவே என்றாலும், அவர்களை அப்புறப்படுத்தும்படி கோர நடத்துவோர் மறுத்துவிட்டார்கள். பலவந்தமாக வெளியேற்றப்பட்டோரின் சந்ததியாகிய தாங்கள் இன்னொருவரை வெளியேற்றக் காரணமாவதில்லை என்று தீர்மானித்து, மேடைகளையும் கடைகளையும் சுற்றியுள்ள வீதிகளுக்கு மாற்றிக்கொண்டார்கள்.