கால் பிழைக்கும் காலம்

முத்தாண்டிக்குப்பத்தைச் சுற்றி எங்கு திரும்பினாலும் முந்திரித் தோப்பு, இடையிடையே பலா. ஒரு பக்கம் பண்ருட்டி மண்டி, இன்னொரு பக்கம் நெய்வேலிச் சுரங்கம். 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்த காலம் முதல் இந்த வட்டாரத்தின் பிழைப்பு தோப்பையும் ஷிப்டையும் நம்பி ஓடுகிறது. இரண்டுக்குமே கால் வேண்டும். முந்திரி பொறுக்கவும், பலா மரம் ஏறவும், சுரங்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கவும் கால்தான் முதல். அந்தக் காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு ஒரு தலைமுறைக்கு முன்பு கிடைத்த பதிலும் இன்று கிடைக்கும் பதிலும் ஒன்றல்ல. அந்த மாற்றம் நம் கிராமங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை என்பதே என் கவலை.

அன்று

அன்றைய நோயாளி பெரும்பாலும் முப்பது, நாற்பது வயது ஆண். விரலிடுக்கில் பீடி அணையாது. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும்; நின்றால் விட்டுவிடும். வாயு என்று சொல்லித் தைலம் தேய்ப்பார்கள். சில மாதம் கழித்து, ராத்திரி படுத்தால் பாதம் எரியும். கட்டிலுக்குக் கீழே காலைத் தொங்கவிட்டால்தான் சற்றுத் தணியும். பிறகு ஒரு விரல் நுனி கறுக்கும்.

புகையிலையோடு பிணைந்த இந்த நோயை நியூயார்க் மருத்துவர் லியோ பியூர்கர் 1908இல் விரிவாக எழுதினார். பியூர்கர் நோய் என்றே பெயரும் நிலைத்தது. கை கால்களின் சிறிய, நடுத்தரக் குழாய்கள் வீங்கி, உறைகட்டி, அடைத்துப்போகும். உழைக்கும் வயதில் வருவதுதான் இதன் கொடுமை.

அன்றைய அறுவை மருத்துவர்கள் கையில் இருந்தது கொஞ்சம்தான். முதுகெலும்பை ஒட்டி ஓடும் பரிவு நரம்பு முடிச்சுகளை வெட்டி எடுப்பார்கள். தோலுக்குப் போகும் சிறு குழாய்கள் சற்று விரியும், வலி குறையும், மேலோட்டமான புண் ஆறும். ஆனால் அடைத்த பெரிய குழாய் அடைத்தபடியே கிடக்கும். வயிற்றுக்குள் குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையை நீட்டி, தோலுக்கு அடியிலேயே காலுக்கு இறக்கிப் புது இரத்த ஓட்டம் தேடிய சிகிச்சையும் இந்தியாவில் நடந்தது. இவையும் பலிக்காதபோது வெட்டு. முதலில் விரல், பிறகு பாதிப் பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே, கடைசியில் மேலே.

கால் போனவர் தோப்புக்குப் போக முடியாது. மனைவியின் கூலியில் வீடு நடக்கும். பிள்ளைகளில் ஒன்று படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகும். கோலூன்றி வாசலில் உட்கார்ந்திருப்பவர் கையில் அப்போதும் பீடி இருக்கும். அதை விட்டால் மற்றக் கால் தப்பும் என்று உரக்கச் சொல்ல ஆள் இருக்காது.

ஊசியும் பலூனும்

குழாயைத் திறக்கலாம் என்ற எண்ணம் புதிதல்ல. 1894இல் பிரான்சின் லியோன் நகரில் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ கத்திக்குத்துப் பட்டார். அறுபட்ட பெரிய இரத்தக்குழாயைத் தைக்க வழி தெரியாததால் உயிர் போனது. அதே ஊரின் இளம் மருத்துவர் அலெக்சிஸ் காரெல் இதை ஏற்க மறுத்தார். பூத்தையல் செய்யும் பெண்ணிடம் நுண்ணிய ஊசிவேலை பழகி, குழாயின் இரு முனைகளைக் கசியாமல் இணைக்கும் முறையைக் கண்டார். 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1948இல் பாரிசில் ழான் குன்லன், நோயாளியின் தொடையிலிருந்தே சிரையை எடுத்து, அடைப்பைச் சுற்றிக்கொண்டு போகும் மாற்றுப்பாதை போட்டார். காலுக்கான பைபாஸ் அப்படிப் பிறந்தது. 1961இல் அமெரிக்காவின் தாமஸ் ஃபோகார்ட்டி, ஒரு மெல்லிய குழாயின் முனையில் கையுறையின் விரல்நுனியைக் கட்டிப் பலூனாக்கினார். இரத்தக் கட்டியைத் தாண்டி அதைச் செலுத்தி, ஊதி, வெளியே இழுத்தால் கட்டியும் கூடவே வந்துவிடும். 1964 ஜனவரியில் போர்ட்லண்ட் நகரில் 82 வயது மூதாட்டி ஒருவர், விரல்கள் கறுத்தும் காலை எடுக்கச் சம்மதிக்கவில்லை. கதிரியல் மருத்துவர் சார்லஸ் டாட்டர், கத்தியே வைக்காமல் உள்ளே குழாய் செலுத்தித் தொடைத் தமனியின் அடைப்பை விரித்தார். அந்த அம்மா தம் இறுதிக்காலம் வரை சொந்தக் காலிலேயே நடந்தார். பலூன் சிகிச்சை என்றால் நமக்கு நெஞ்சுதான் நினைவுக்கு வரும். ஆனால் ஆண்ட்ரியாஸ் கிரண்ட்சிக் தம் பலூனை 1974இல் முதலில் காலில்தான் பயன்படுத்தினார்; இதயத்துக்கு அது 1977இல் போனது.

இன்று

இந்தியாவின் இரத்தநாள அறுவை மருத்துவர்கள் 1994இல் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் இந்தத் துறைக்கென்று தனிப்பிரிவும் எம்.சி.எச். படிப்பும் இருக்கின்றன. புதுச்சேரி ஜிப்மரில் இதயம், நெஞ்சகம், இரத்தநாளம் ஆகியவற்றுக்கான அறுவைப் பிரிவு இருக்கிறது.

சோதனையும் எளிதாகிவிட்டது. பாதத்தின் மேல்பக்கமும் கணுக்காலின் உட்பக்கமும் நாடி பார்ப்பது முதல் படி. அடுத்து, கையடக்க டாப்ளர் கருவி இரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்கவைக்கும். கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.9க்குக் கீழே போனால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். வெகுநாள் சர்க்கரை நோயாளிக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும். அப்போது கால்விரலில் அழுத்தம் பார்ப்பார்கள். எங்கே, எவ்வளவு நீளத்துக்கு அடைப்பு என்பதை சிடி ஆஞ்சியோ காட்டும். பிறகு, நோயாளி விழித்திருக்கும்போதே இடுப்பு மடிப்பில் ஊசித்துளை போட்டுக் கம்பி நுழைத்துப் பலூனால் விரிப்பார்கள், தேவைப்பட்டால் ஸ்டென்ட் வைப்பார்கள். நீண்ட அடைப்பென்றால் சொந்தச் சிரையாலேயே பைபாஸ்.

நம் ஊரில் நரம்புச் சுருட்டல் என்று சொல்லும் வெரிகோஸ் வெயினுக்கும் வழி மாறியிருக்கிறது. நின்றே வேலை செய்பவர்களுக்குச் சிரையின் வால்வுகள் தளர்ந்து, இரத்தம் கீழேயே தேங்கி, கணுக்கால் பக்கம் ஆறாத புண் வரும். 1890இல் டிரெண்டலன்பர்க் காட்டிய வழியில் சிரையை முடிச்சுப் போட்டார்கள். பிறகு முழுச் சிரையையும் உருவி எடுத்தார்கள். இப்போது லேசர் அல்லது ரேடியோ அலையின் சூட்டால் உள்ளிருந்தே மூடிவிடுகிறார்கள். பலர் அன்றைக்கே வீடு திரும்புகிறார்கள்.

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு டயாலிசிஸ் செய்ய முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்துப் 'பிஸ்டுலா' போடுவதும் இதே கலைதான். 1966இல் வெளியான அந்த முறையால்தான் வாரம் இரண்டு மூன்று முறை ஊசி குத்தியும் குழாய் தாங்குகிறது.

பணமும் பாதையும் கூட மாறின. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008இல் வந்தது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம். இன்று ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் அந்தக் காப்பீட்டில் இரத்தநாளச் சிகிச்சைகளும் அடங்கும்.

மாறாதது

இவ்வளவு இருந்தும் கால்கள் இன்னும் போகின்றன. பீடி பிடித்த இளைஞனின் இடத்தில் இப்போது அதிகமாக இருப்பவர்கள் சர்க்கரை நோய் கண்ட அம்மாவும் அப்பாவும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இந்த நோய் பாதத்தின் உணர்ச்சியை மரக்கச் செய்கிறது, குழாயையும் அடைக்கிறது. முள் குத்தியது தெரியாது. தெரிந்தபின் புண் ஆறாது. தலைமடையில் அடைப்பு இருக்கும்போது கடைவயலுக்கு எவ்வளவு உரம் போட்டும் பயனில்லை. இரத்தம் வராத பாதத்துக்குத் தினமும் கட்டு மாற்றுவதும் அப்படித்தான்.

முத்தாண்டிக்குப்பத்திலிருந்து புதுச்சேரி போக இரண்டு மணி நேரம் போல ஆகும். சென்னை சுமார் 200 கி.மீ. திடீரென்று இரத்தக் கட்டி வந்து அடைத்த காலுக்குப் பொதுவாக 6 மணி நேரம்தான் கெடு. கால் சில்லிட்டு, வெளுத்து, மரத்து, தாங்க முடியாமல் வலித்தால் விடியட்டும் என்று படுக்கக் கூடாது. சர்க்கரைப் புண்ணுக்கோ மணிக்கணக்கு கிடையாது, வாரக்கணக்கு உண்டு. மஞ்சள் பற்று, தெரிந்த கடையில் மாத்திரை, "ஆறிடும், பொறுத்துக்கோம்மா" என்று அந்த வாரங்களை நாமே தொலைக்கிறோம். அன்று கால் போனதற்குக் காரணம் வழி இல்லாதது. இன்று போவதற்குக் காரணம், இருக்கிற வழிக்கு நாம் பிந்திப் போவது.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. அந்த வாசலிலேயே பாதத்தையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கையடக்க டாப்ளர் ஒன்றும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த செவிலியர் ஒருவரும் இருக்க வேண்டும். இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. தினமும் ஒரு தடவை பெரியவர்களின் உள்ளங்காலைப் பாருங்கள். பீடியை நிறுத்தச் சொல்லுங்கள். பியூர்கர் நோய்க்கு இன்றும் அதைவிடப் பெரிய மருந்து கிடையாது. இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணுக்கு இரத்த ஓட்டம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சீழ் மேலேறி உயிருக்கே ஆபத்து என்றால் காலை உடனே எடுத்துத்தான் ஆக வேண்டும்; அங்கே தயங்கக் கூடாது. மற்ற நேரங்களில், சம்மதத் தாளில் கையெழுத்துப் போடும் முன், "ஐயா, குழாயைத் திறக்க முடியுமான்னு பாத்தாச்சுங்களா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்படிக் கேட்கும் உரிமை முத்தாண்டிக்குப்பத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டு.