கீரைக்கு வளர்ச்சி ஊக்கி: உரத்துக்குப் பதிலா, உரத்துக்குத் துணையா?

ஆவடியைச் சுற்றி வீட்டு மனைகள் பெருகிக்கொண்டே வருகின்றன. கைவசம் பத்து, இருபது சென்ட் நிலமும் ஒரு கிணறோ ஆழ்துளைக் கிணறோ உள்ள சிறு விவசாயிக்கு முத்தாபுதுப்பேட்டை, பாலவேடு, வெள்ளானூர் பக்கத்தில் கீரை ஏற்ற பயிராகும். விதைத்த 25 நாளில் முளைக்கீரையும் சிறுகீரையும் கைக்கு வந்துவிடும். பணம் விரைவில் திரும்பும். ஆனால் ஒரு போகத்தில் கிடைக்கும் லாபம் சிறியது. தேவையில்லாத ஒரு பாட்டில் மருந்து வாங்கினாலே அந்த லாபம் கரைந்துவிடும்.

கடைகளில் இன்று "வளர்ச்சி ஊக்கி" என்ற பெயரில் பலவகைத் திரவங்கள் விற்கப்படுகின்றன. கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம், அமினோ அமிலம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றை எதற்கு, எப்போது, எவ்வளவு பயன்படுத்துவது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

ஊக்கி உரமாகாது

உரம் பயிருக்கு உணவு. ஊக்கியோ பயிரின் வேர் நன்றாக ஓடவும், மண்ணில் உள்ள சத்தை எடுத்துக்கொள்ளவும், வெயில், வறட்சி போன்ற வாட்டத்தைத் தாங்கவும் துணை செய்வது. மண்ணில் சத்தே இல்லாதபோது ஊக்கி மட்டும் தெளித்துப் பயனில்லை.

ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். தண்டுக்கீரை, முளைக்கீரை வகைகளுக்கு எக்டருக்கு 25 டன் தொழு உரமும், 75 கிலோ தழைச்சத்தும், 25 கிலோ சாம்பல் சத்தும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையாகும். பத்து சென்டுக்கு இது 3 கிலோ தழைச்சத்து ஆகிறது. ஒரு லிட்டர் ஊக்கியில் நூற்றுக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருப்பதாக வைத்துக்கொண்டாலும் கிடைப்பது 10 கிராம்தான். மீதி முழுவதும் மண்ணிலிருந்தும் உரத்திலிருந்தும்தான் வரவேண்டும்.

பத்து சென்டுக்கு உர அளவு

நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு டன் இட்டு, மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டவேண்டும். அசோஸ்பைரில்லம் 80 கிராம், பாஸ்போபாக்டீரியா 80 கிராம் இரண்டையும் சிறிது தொழு உரத்துடன் கலந்து தூவலாம். இந்த நுண்ணுயிர் உரங்களை யூரியாவுடன் சேர்த்துக் கலக்கக் கூடாது. விதை 100 கிராம் போதும். விதை மிகச் சிறியதாகையால் மணலுடன் கலந்து விதைத்தால் சீராக விழும்.

3 கிலோ தழைச்சத்துக்கு யூரியா சுமார் 6½ கிலோ தேவை. சாம்பல் சத்துக்கு மியூரியேட் ஆப் பொட்டாஷ் 1¾ கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இடலாம். மணற்பாங்கான நிலத்தில் யூரியா முழுவதையும் ஒரே தடவையில் இட்டால் நீருடன் கீழே இறங்கி வீணாகும். பாதியை அடியுரமாகவும், மீதியை 12ஆம் நாள் களை எடுத்த பிறகும் இடுவது நல்லது. இலையில் ஈரம் இருக்கும்போது யூரியா தூவினால் இலை கருகும். மணிச்சத்தை மண் பரிசோதனையின்படி தீர்மானிக்கலாம்.

கரும்பச்சை நிறம் வேண்டும் என்று யூரியாவைக் கூட்டுவோர் உண்டு. இது இரட்டை நஷ்டம். இலை மென்மையாகி அசுவினியும் இலை தின்னும் புழுவும் கூடும். கட்டிய கீரை கோயம்பேடு போய்ச் சேர்வதற்குள் துவண்டு அழுகும். மேலும், மிகுதியான தழைச்சத்து நைட்ரேட்டாக இலையில் தங்கும். மேகமூட்டமான நாட்களில் இது அதிகம்.

பஞ்சகவ்யம்

வீட்டில் மாடு உள்ளவர்களுக்குச் செலவு குறைந்த ஊக்கி பஞ்சகவ்யம். இதைப் பயிர்களுக்குப் பயன்படுத்தும் முறையைப் பரப்பியவர் கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன். சாணம், கோமியம், பால், தயிர், நெய் ஆகியவற்றுடன் வெல்லம் அல்லது கரும்புச்சாறு, இளநீர், வாழைப்பழம் முதலியன சேர்த்துப் புளிக்க வைப்பார்கள். நூற்றுக்கு மூன்று பங்கு, அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து, துணியில் வடிகட்டித் தெளிக்கவேண்டும்.

கீரையில் நாம் உண்பது இலையை. சாணம் கலந்த திரவத்தை அறுவடைக்கு நெருங்கி இலைமேல் தெளிப்பது சுகாதாரமன்று. பயிர் சிறிதாக இருக்கும்போதே தெளித்து முடித்து, பிறகு தேவையானால் பாசன நீரில் கலந்து விடலாம். அரைக்கீரை போன்று திரும்பத் திரும்ப அறுக்கும் வகைகளில், அறுத்த உடன் வேருக்கு விடுவதே சிறந்தது.

கடையில் வாங்கும்போது

1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2021 பிப்ரவரியில் உயிர் ஊக்கிகளும் சேர்க்கப்பட்டன. ஊக்கியில் பூச்சிமருந்து கலந்திருக்கக் கூடாது என்பது விதி. ஜிப்பெரலிக் அமிலம் போன்ற வளர்ச்சி ஒழுங்கிகள் இந்த வகையில் சேரா. அவை 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருபவை. தற்காலிகப் பதிவுக்கான அவகாசம் 2025 ஜூனில் முடிந்தது. முன்பு சுமார் 30,000 ஊக்கிகள் கட்டுப்பாடின்றி விற்கப்பட்டன என்றும், கண்டிப்புக்குப் பின் சுமார் 650 ஆகக் குறைந்தன என்றும் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌஹான் 2025 ஜூலையில் தெரிவித்தார். யூரியா, டி.ஏ.பி. வாங்க வருவோர் தலையில் ஊக்கியைக் கட்டாயமாகக் கட்டுவதைத் தடுக்கும்படி மாநில முதல்வர்களுக்கும் அவர் கடிதம் எழுதினார்.

ஆகவே யூரியா கேட்டால் யூரியா மட்டும் வாங்கிக்கொள்ள விவசாயிக்கு உரிமை உண்டு. ஊக்கி வேண்டும் என்றால் லேபிளில் உள்ள பொருள், அளவு, எந்தப் பயிருக்கு என்ற விவரம், காலாவதி தேதி ஆகியவற்றைப் படித்துப் பார்க்கவேண்டும். பில் இல்லாமல் வாங்கக் கூடாது.

நான்கு பாத்திச் சோதனை

ஊக்கி தன் நிலத்தில் பலன் தருகிறதா என்பதை விவசாயியே கண்டுகொள்ளலாம். ஒரே நாளில் விதைத்து, ஒரே உரமிட்ட, ஒரே அளவுள்ள நான்கு பாத்திகளை எடுத்துக்கொள்ளவேண்டும். ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டுக்கு ஊக்கியும், மற்ற இரண்டுக்கு வெறும் தண்ணீரும் மாலையில் தெளிக்கவேண்டும். அறுவடையின்போது தனித்தனியாக எடை போட்டுக் குறித்துவைக்கவேண்டும்.

பத்து சென்டுக்குத் தெளிக்க 150 ரூபாய் செலவு, கட்டு 5 ரூபாய் என்றால், குறைந்தது 30 கட்டு கூடுதலாகக் கிடைக்கவேண்டும். அதற்குக் குறைந்தால் கைநஷ்டமே. நல்ல மண்ணும் போதிய நீரும் உள்ளபோது வித்தியாசம் தெரியாமல் போகலாம். சித்திரை, வைகாசி வெயிலில் பயிர் வாடும்போது பலன் தெரிய வாய்ப்பு அதிகம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெளித்தால் மருந்து கழுவிக்கொண்டு போய்விடும். அப்போது வடிகால் வெட்டுவதே முதல் வேலை.

மண் பரிசோதனைக்கும் கூடுதல் விவரங்களுக்கும் திருவள்ளூர் மாவட்டம் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். தொழு உரம் முதலில், அளவான ரசாயன உரம் அடுத்து, சோதித்துப் பார்த்த ஊக்கி கடைசியில். இந்த வரிசை மாறாமல் இருந்தால் கீரையில் போட்ட பணம் வீண்போகாது.