உங்களுக்குத் தெரியுமா? காலையில் முக்கி முனகும் டீசல் எஸ்.யூ.வி!

உங்கள் டீசல் எஸ்.யூ.வி.யில் ஸ்பார்க் பிளக் ஒன்றுகூடக் கிடையாது! காற்றை நசுக்கியே நெருப்பு மூட்டுகிறது அந்த இன்ஜின். நசுங்கிய காற்று எவ்வளவு சூடாகும் தெரியுமா? 500 டிகிரிக்கும் மேல்!

டீசல் தானாகப் பற்றிக்கொள்ள அவ்வளவு சூடுகூட வேண்டாம். சுமார் 210 டிகிரி போதும்! பிறகு ஏன் காலையில் முரண்டு? இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடுகிறதே!

அதற்குத்தான் ஹீட்டர் பிளக்! சிலிண்டருக்கு ஒன்று. பென்சில் பருமன்கூட இல்லாத அதன் நுனி, சில நொடிகளில் 850 டிகிரியைத் தாண்டும்! மீட்டரில் சுருள் கம்பி மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு வருகிறதல்லவா? அது அணையட்டும். அப்புறம் செல்ஃப் அடியுங்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் ஹீட்டருக்கு ஓய்வு என்று நினைத்தீர்களா? இல்லவே இல்லை! பல வண்டிகளில் அதன் பிறகும் அது எரிந்துகொண்டே இருக்கும். எவ்வளவு நேரம்? 3 நிமிடம் வரை!

நான்கில் ஒன்று செத்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் மூன்று காலில்தான் ஓடும்! உடம்பெல்லாம் குலுங்கும். சைலன்சரில் வெள்ளைப் புகை கொட்டும். ஒரு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். அந்தச் சமர்த்தைப் பார்த்துத்தான் பலரும் ஏமாந்து, ‘குளிருக்கு அப்படித்தான்’ என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள்!

செத்தது எது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்! சாவியை எடுத்துவிடுங்கள். ஹீட்டர் பிளக்கின் தலையில் இருக்கும் வயரைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள். ஒரு முனை பிளக் தலையில், இன்னொரு முனை இன்ஜின் இரும்பில். 1 ஓம் பக்கமோ அதற்குக் கீழோ காட்டினால் உயிர் இருக்கிறது. மீட்டர் அசையவே இல்லையா? ஆள் காலி!

பேட்டரியில் நேராகக் கொடுத்து, சிவக்கிறதா என்று பார்ப்பது பழைய மெக்கானிக் வழக்கம். புது வண்டியில் அதைச் செய்ய விடவே விடாதீர்கள்! 4.4 வோல்ட்டுக்கே செய்த பிளக்குகள் இப்போது வருகின்றன. 12 வோல்ட் கொடுத்தால் நல்ல பிளக்கும் அங்கேயே கருகிவிடும்!

கழற்றும்போதும் கவனம்! கரி பிடித்து இறுகியிருக்கும். குளிர்ந்த இன்ஜினில் முரட்டுத்தனமாகத் திருகினால் உள்ளேயே ஒடியும். அப்புறம் சிலிண்டர் ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம்! இன்ஜின் சூடாக இருக்கும்போதே கழற்றச் சொல்லுங்கள்.

பேட்டரிக்கும் குளிர் ஆகாது! 0 டிகிரியில் அதன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும்!

இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி ஃபுல். ஆனால் நிஜப் பரீட்சை செல்ஃப் அடிக்கும்போதுதான். அப்போது 9.6-க்குக் கீழே இறங்குகிறதா? சந்தேகமே வேண்டாம், முதலில் பேட்டரியைப் பாருங்கள்!

இன்னொரு திருடனும் உண்டு. எர்த் வயர்! அதன் முனையில் பூத்திருக்கும் துருவால் வெறும் 0.01 ஓம் தடை வந்தாலே போதும். செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கும்போது அந்த இடத்திலேயே காணாமல் போவது 2 வோல்ட்! புது பேட்டரி வாங்கும் முன் அந்த முனையைச் சுரண்டிப் பாருங்கள்!

பேட்டரி சரி, இனி டீசல் பக்கம் வருவோம்! காமன் ரெயில் இன்ஜினுக்குள் டீசலின் அழுத்தம் எவ்வளவு? முழு வேகத்தில் 1,600 பாருக்கும் மேல்! உங்கள் டயரில் இருப்பது இரண்டரை பார்கூட இல்லை. அதைப்போல 600 மடங்குக்கும் மேல்!

அந்த அழுத்தத்தை வளரவிடாமல் கெடுக்க ஒரு சின்ன ஓ ரிங் போதும்! ஃபில்டர் மூடியில் அது காய்ந்துபோனால் ராத்திரியெல்லாம் லைனில் காற்று ஏறும், டீசல் டேங்குக்கே திரும்பிப்போகும். காலையில் பம்ப் இழுப்பது காற்றைத்தான்!

ஏர் எடுக்கிறதா என்று அறிய ஒரு பைசா செலவில்லாத வழி! இன்று இரவு வண்டியை இறக்கத்தில், மூக்கு கீழே பார்க்க நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை மறக்க வேண்டாம். டேங்க் மேலே, இன்ஜின் கீழே. காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறதா? ஹீட்டர் பிளக்கை விட்டுவிட்டு ஃபில்டரையும் ஹோஸையும் தேடுங்கள்! மலை ஊர்க்காரர்களுக்கு இறக்கத்துக்கா பஞ்சம்?

இன்ஜெக்டர் ஒழுகினால் பிடித்துக்கொடுப்பது நான்கு கண்ணாடிக் குப்பிகள்! ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் ஒரு குப்பியில் விட்டு இன்ஜினை ஓட்டுவார்கள். எந்தக் குப்பி மற்றவற்றை முந்தி நிறைகிறதோ, அந்த இன்ஜெக்டர்தான் குற்றவாளி!

இதைவிட அழகான சோதனை ஒன்று. காலையில் ஸ்டார்ட் செய்யும் முன்பே ஸ்கேனரை மாட்டுங்கள். கூலன்ட் சூடு, உள்ளே வரும் காற்றின் சூடு, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். கூலன்ட் மட்டும் 60 டிகிரி என்கிறதா? சென்சார் பொய் சொல்கிறது! அதை நம்பி ‘இன்ஜின் சூடாக இருக்கிறதே’ என்று கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்துவிடும், ஹீட்டரையும் சீக்கிரம் அணைத்துவிடும்!

ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஈதர் ஸ்ப்ரேயை அடிப்பவர்களே, நிறுத்துங்கள்! ஹீட்டர் பிளக் தணலாய்ச் சிவந்திருக்கும் இன்ஜினில் அது நேரம் தவறி வெடித்து, பிஸ்டனையே உடைக்கும்!

குளிருக்கு இன்ஜின் ஆயிலையும் பாருங்கள்! கேனில் 15W என்று இருந்தால் மைனஸ் 20 டிகிரியில் சோதித்துத் தேறியது. 5W? மைனஸ் 30!

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் இருக்கும் காற்றழுத்தத்தில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு அங்கே குறைவு! உறைபனி விழும் டிசம்பர் காலையில் குளிரும் சேர்ந்துகொள்ளும். சமவெளியில் சத்தமில்லாமல் ஓடிய பாதி செத்த ஹீட்டர் பிளக், அங்கே போய்த்தான் மாட்டிக்கொள்ளும்!

லடாக்கில் கதையே வேறு. அங்கே குளிர்காலத்தில் டீசலே மெழுகாகிக் கெட்டிப்படும்! அதற்கென்றே 2019-ல் இந்தியன் ஆயில் தனி டீசல் கொண்டுவந்தது. அது எந்தக் குளிர் வரை உறையாமல் ஓடும் தெரியுமா? மைனஸ் 33 டிகிரி!